மை பூசிய பட்டியல்

அந்த அக்கா எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தபோது நான் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது அலுவலகம். லிஃப்ட் கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண். படியேறி வந்த மூச்சு அடங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையுறைத் தொழிற்சாலையின் நீலச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"போலீஸ் நியூஸ் எழுதுற தம்பி யாரு?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். பதினைந்து வருடமாகக் குற்றச் செய்தியும் விபத்துச் செய்தியும் எழுதுகிறவன் நான். இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வருவார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, பசியோடு கேட்க ஆரம்பித்தேன்.

கிள்ளானில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். கூடப் பிறந்தது ஒரே தம்பி. தோட்டத்து லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவன். அப்பா பதிவு செய்யவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐ.சி. என்கிற அடையாள அட்டை இல்லை, ஐ.சி. இல்லாததால் எந்த வேலையும் நிலையாக இல்லை. லோரி உதவியாளாகச் சுற்றிக்கொண்டிருந்தவன், ஒருநாள் அக்காவோடு சண்டை போட்டுவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது.

"போலீஸ்ல சொல்லலையா அக்கா?"

"எப்படிச் சொல்றது தம்பி? காணோம்னு சொன்னா தேடிப் பிடிச்சு உள்ள வைப்பாங்க. அவன்கிட்டதான் ஐ.சி. இல்லியே. எங்கயோ நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

போன மாதம் பாசாரில், தம்பியைக் கூட வைத்திருந்த ஒரு பழைய லோரி ஓட்டுநரைப் பார்த்திருக்கிறார். அவர்தான் சொன்னாராம். அவன் போன அந்த வருடம் தீபாவளிக்கு முந்திய வாரம், கம்போங் மேடான் பக்கம் ஒரு கடையின் முன்நடையில், அஞ்சடியில், தம்பி சுருண்டு விழுந்தான். யாரோ ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். பத்திரம் இல்லாதவனை வேலைக்கு வைத்திருந்த பயத்தில் ஓட்டுநர் கூடப் போகவில்லை. "ஒங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேங்க்கா" என்றாராம்.

அக்கா மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். அடையாளம் தெரியாதவராக இருந்தால், யாரும் கேட்டு வராத உடலை நகராண்மைக் கழகம் வாங்கிப் புதைத்திருக்கும். அந்த விவரத்தை நெருங்கிய உறவினருக்கு மட்டும்தான் தருவோம் என்றார்கள். உறவுக்கு அத்தாட்சி கேட்டார்கள். பதிவே இல்லாத தம்பிக்கு எந்த அத்தாட்சியைக் காட்டுவது?

"எனக்கு பாடி வேணாம் தம்பி. எந்த எடம்னு தெரிஞ்சாப் போதும்லா."

அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். வலது கை மோதிர விரலின் நுனி இருக்காது என்றார். லோரியின் பின்கதவில் நசுங்கிப் போனது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அன்று எனக்குத் தோன்றியது ஒரு நல்ல ஞாயிறு மலர்க் கட்டுரை, அவ்வளவுதான்.

முதலில் தொலைபேசியில் கேட்டேன். நகராண்மைக் கழக அலுவலகத்துக் கிராணி ஒருவர் இன்னொரு பிரிவுக்கு மாற்றினார், அவர் இன்னொருவருக்கு. நாலாவது ஆள், "என்சிக், நீங்க பத்திரிகையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பிறகு எழுதிக் கேட்டேன். கிள்ளான் இருக்கும் மாநிலத்தில் அரசாங்கத்திடம் தகவல் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம், பாரத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'செய்தி' என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம், தர இயலாது.

இறந்து போனவன், பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாதவன். அவனுடைய தனிப்பட்ட விவரத்தைக் காப்பாற்ற அரசாங்கம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தது. அக்காவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"அவங்க பதிலு எழுதுறாங்கன்னா, அவன் அங்க இருக்கான்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அது ஞாயிறு மலர்க் கட்டுரையாக இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது முறை வேறு மாதிரி எழுதினேன். பெயர் வேண்டாம், அந்த வருடம் புதைக்கப்பட்ட அடையாளம் தெரியாதவர்களின் பட்டியல் மட்டும் போதும் என்று. இந்த முறை ஒரே வாரத்தில் பதில். அந்தக் கோப்பு 'சூலிட்'. அதாவது இரகசியம். யாருக்கும் தெரியாதவர்களின் பட்டியல், யாருக்கும் தெரியக்கூடாத பட்டியலாகிவிட்டது.

இரண்டு பதில்களையும் எடுத்துக்கொண்டு நகராண்மைக் கழகத்துக்கு நேராகவே போனேன். முகப்பில் தலைத்துண்டு அணிந்த ஒரு மலாய்ப் பெண் இருந்தார். முப்பது வயது இருக்கலாம். என் இரண்டு கடிதங்களையும் பொறுமையாகப் படித்தார். திரும்பித் தந்தபோது குரலைத் தாழ்த்தி மலாயில் சொன்னார்:

"என்சிக், நீங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆட்களைப் பற்றிக் கேட்டால் மறுப்பது எங்களுக்குச் சுலபம். நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். நிலம் பொதுமக்களுடையது. எந்தக் குழி எப்போது தோண்டப்பட்டது என்பது வேலைக் குறிப்பு. வேலைக் குறிப்பு இரகசியமில்லை."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

நிலத்தைப் பற்றிக் கேட்டேன். மயானத்தின் வரைபடம், குழி தோண்டிய வேலைப் பதிவு. அதையும் மறுத்தார்கள். ஆனால் இந்த முறை மறுப்பில் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. காரணம் இல்லாத மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்வது எளிது என்று எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் சொன்னார். செய்தேன்.

மேல்முறையீட்டு நாளன்று அக்காவும் வந்தார். வேலைக்கு விடுப்புப் போட்டு, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். குளிரூட்டிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசை நடுவில் ஒரு தட்டில் கறிபாப். அக்காவை வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னார்கள். தலைவராக இருந்தவர், "இந்தத் தகவலுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்புள்ளவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்" என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடம் என்று சொல்லி அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அவருடைய மலாய் தோட்டத்து மலாய். நின்றுகொண்டேதான் பேசினார். அவன் உங்கள் தம்பிதான் என்று எப்படி நிரூபிப்பீர்கள் என்று தலைவர் கேட்டார். அவர் கேட்ட தொனியில் கடுமை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியது போலத்தான் இருந்தது.

"துவான், எங்கம்மா ரப்பர் பால் வெட்டப் போகும்போது அவனை நான்தான் இடுப்புல வச்சிருப்பேன். எனக்கு ஏழு வயசு. அதுக்கு யாருகிட்ட போய் நான் கையெழுத்து வாங்குவேன்?"

அதை அவர் மலாயில்தான் சொன்னார். எனக்கு ஏனோ தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. ஒரு பழுப்பு உறையில் நாலு தாள். குழி எண், உடல் வந்த தேதி, புதைத்த தேதி, ஆணா பெண்ணா, இனம். பெயர் என்ற கட்டம் மட்டும் மேலிருந்து கீழ்வரை கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்த பிறகு இரண்டு முறை நகலெடுத்திருக்கிறார்கள். எதுவும் தெரியவில்லை.

உறையை வாங்க நான் போயிருந்தபோது அந்த முகப்புப் பெண்தான் கையெழுத்து வாங்கினார்.

"இதெல்லாம் அடையாளம் தெரியாதவர்கள்தானே? மைக்கு அடியில் என்ன பெயர் இருக்கும்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் 'தெரியவில்லை' என்றுதான் எழுதியிருக்கும்" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஓட்டுநர் சொன்ன வாரத்தைப் பட்டியலில் தேடினேன். அந்தச் சமயத்தில் வந்த 'ஆண், இந்தியர்' மூன்று பேர். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று அடுத்தடுத்த குழிகள். இந்த மூன்றில் ஒருவனாக இருந்தால், உடல் கிடைத்த சமயத்தில் போலீஸ் பத்திரிகைகளுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கும். 'அடையாளம் தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்' என்று. அப்படி அனுப்புவது வழக்கம். அதனால் எங்கள் அலுவலகத்தின் பழைய இதழ்களை எடுத்து அந்த வாரத்தையும் அடுத்த வாரத்தையும் புரட்டினேன்.

ஆறாம் பக்கத்தில், கீழ் மூலையில், அது இருந்தது. நாலு வரி. அஞ்சடியில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் இறந்த சுமார் நாற்பது வயது ஆடவர். மாநிறம், ஐந்தடி நாலங்குலம். உறவினர்கள் போலீசைத் தொடர்பு கொள்ளவும். அதற்கு மேலே அரைப்பக்கத்துக்கு மஸ்ஜித் இந்தியா தெருவில் உள்ள ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரம்.

நாலு வரிக்குக் கீழே என்னுடைய பெயரின் முதலெழுத்துகள் இருந்தன.

எனக்கு அது ஞாபகமே இல்லை. அந்த நாளும் ஞாபகமில்லை. அலுவலக மின்னஞ்சலில் பின்னோக்கிப் போய்த் தேடினேன். போலீஸ் அனுப்பிய அறிவிப்பு அப்படியே கிடந்தது. அதில் ஒரு வரி அதிகமாக இருந்தது. 'வலது கை மோதிர விரலின் நுனி இல்லை.' விளம்பரம் வந்த பிறகு இடம் போதாமல் கடைசி வரியை வெட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்கிற காரியம். ஒரு விசையைத் தட்டினால் போதும்.

அந்த அறிவிப்பில் இருந்த மரணத் தேதி பதினேழாம் குழிக்கான 'உடல் வந்த தேதி'யோடு பொருந்தியது.

ஆக, நான் ஏழு மாதமாக அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருந்த தகவல் ஆறு வருடமாக என்னிடமே இருந்திருக்கிறது. அவர்கள் மை பூசி மறைத்தார்கள். நான் மை கூடச் செலவழிக்காமல் மறைத்திருக்கிறேன்.

அக்காவிடம் உடனே சொல்லவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. பட்டியல் வந்துவிட்டது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இரண்டு வாரம் அதையே சொன்னேன். ஒருமுறை சொல்லிவிடுவது என்று கிள்ளானுக்கு ரயிலேறினேன். ஷா ஆலமிலேயே இறங்கி, எதிர் மேடையில் நின்று, திரும்பி வந்துவிட்டேன். அந்த நாட்களில் எந்தச் செய்தியை எழுத உட்கார்ந்தாலும் கடைசி வரியில் விரல் நின்றுவிடும். பக்கம் அமைப்பவர், "பாஸ், இடம் இல்ல பாஸ், ரெண்டு வரி வெட்டுங்க" என்பார். நீங்களே வெட்டுங்கள் என்று எழுந்து வெளியே போய்விடுவேன். ரயிலில் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களின் வலது கையைப் பார்க்கிற பழக்கம் வந்தது. இன்னும் போகவில்லை.

கடைசியில் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்துச் சொன்னேன். அக்காவின் வேலை முடிந்த நேரம். இருவருக்கும் தேத்தண்ணீர் வந்திருந்தது. போலீஸ் அறிவிப்பையும் எங்கள் பத்திரிகையின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விடுபட்ட வரியை நானே வாசித்தேன். அதை வெட்டியது நான்தான் என்றும் சொன்னேன்.

அக்கா பத்திரிகை நகலை எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"இதை நான் படிச்சிருக்கேன் தம்பி."

நான் குவளையைக் கீழே வைத்தேன்.

"கேண்டின்ல ஒங்க பேப்பர்தான் போடுவாங்க. நான் தெனமும் இந்த மாதிரி நியூஸ்தான் மொதல்ல பாப்பேன், அவன் போனதுலேர்ந்து. இதையும் பாத்தேன். அஞ்சடி நாலங்குலம்னு இருந்திச்சில்ல, நம்ம பய இன்னும் கொஞ்சம் ஒசரம்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பொண்ணுகிட்டகூட சொன்னேன், யாரு பெத்த புள்ளையோ பாவம்னு."

தேத்தண்ணீர் ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது. என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. நகலை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "எப்ப போலாம்?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். ஆறு வருடம் தாமதமாக ஒரு புகார். அந்த அதிகாரி பழைய கோப்பை எடுத்துவந்து, முகத்தைக் காட்டாமல், கையை மட்டும் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். அக்கா ஒரு நொடிதான் பார்த்தார். "இவன்தான்" என்றார். அவர் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது.

மயானம் கிள்ளானைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் இருந்தது. புல் வெட்டிக்கொண்டிருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். வரைபடத்தைக் காட்டிப் பதினேழாம் எண்ணைக் கேட்டேன். அவர் கையோடு கூட்டிப்போய் ஒரு வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார். மூன்று சின்ன மேடுகள், மேலே புல். எண் எழுதிய முளை எதுவும் இல்லை.

"வெள்ளம் வந்தப்ப எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருச்சு சார். பதினாறு, பதினேழு, பதினெட்டு இந்த மூணும்தான். எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நடுவுல உள்ளதுதானே பதினேழா இருக்கும்?" என்றேன்.

"அப்படித்தான் இருக்கணும் சார். ஆனா அந்தப் பக்கம் ஒரு மேடு கரைஞ்சு போச்சுன்னும் சொல்றாங்க. அப்படின்னா இந்த மூணுல எது வேணாலும் பதினேழா இருக்கலாம்."

அக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பையில் பால் இருந்தது, பூ இருந்தது, தம்பிக்குப் பிடித்த முறுக்கு இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பூச்சரத்தை மூன்று துண்டாக அறுத்தார். பாலை மூன்று இடத்திலும் ஊற்றினார். முறுக்கையும் பங்கு வைத்தார். யார் மகன்களோ தெரியாத அந்த இருவரிடமும் தன் தம்பியிடம் பேசுவது போலவே ஏதோ முணுமுணுத்தார். நான் தள்ளி நின்றேன். கிட்டே போக எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

இதை எல்லாம் எழுதினேன். நான் வெட்டிய வரியையும் சேர்த்துத்தான். ஆசிரியர் அந்தப் பகுதி வேண்டாமே என்றார். அது இல்லாமல் வேண்டாம் என்றேன். முழுதாகவே வந்தது.

செய்தி வந்த சில வாரங்களில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். மயானத்தில் புதிதாகச் சிமெண்டு முளைகள் நட்டிருக்கிறார்களாம். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று வரிசையாக, வெள்ளைப் பெயிண்டில்.

"எதை வச்சு நட்டாங்கன்னு கேளு தம்பி" என்றார்.

மறுபடியும் பாரத்தை நிரப்பினேன். முளைகள் எந்தப் பதிவின் அடிப்படையில் நடப்பட்டன? 'காரணம்' என்ற கட்டத்தில் இந்த முறை 'ஒரு சகோதரிக்காக' என்று எழுதினேன். மறுப்பு வரும் என்று மேல்முறையீட்டைக்கூட மனதில் தயாரித்துவிட்டேன். பத்தே நாளில் பதில் வந்தது. மறுப்பு இல்லை. ஒரே வரி. 'பதிவு எதுவும் இல்லை. பணியாளரின் நினைவின்படி நடப்பட்டது.'

தொலைபேசியில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் தொழிற்சாலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சரி தம்பி" என்றார் கடைசியில். "அப்ப மூணுக்கும்தான் பூ வைக்கணும்."